கடலூர்ப் பக்கத்துக் குழந்தைக்குப் பிறவி இதயக் குறை: கண்டறிவது முதல் அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு வரை

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இதயத்தின் அமைப்பில் ஏதேனும் ஒரு குறை இருக்கும். அவர்களிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஒரு வயது நிறைவதற்குள் அறுவை சிகிச்சையோ, தொடை இரத்தக்குழாய் வழியாகச் செய்யப்படும் சிகிச்சையோ தேவைப்படும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்தில் பிறக்கும் குழந்தைக்கும் சென்னையில் பிறக்கும் குழந்தைக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். ஆனால் காட்டுமன்னார்கோயில் குழந்தையின் தாய் சிதம்பரத்தில் ஒரு பேருந்து, கடலூரில் ஒரு பேருந்து என்று மாறிப் புதுச்சேரி போய், அங்கிருந்து கோரிமேட்டுக்கு ஆட்டோ பிடித்தால்தான் ஜிப்மர் மருத்துவமனை வாசலை அடைய முடியும்.

நான் இந்த மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவராகப் பல ஆண்டுகள் இருந்தவன். எங்கள் வட்ட மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான இதய அறுவை அரங்கு கிடையாது. பல இடங்களில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமாகக் காட்டும் சோதனை) பார்க்கும் ஆளும் கிடையாது. அப்படியானால் இங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது என்று இளம் மருத்துவர்கள் கேட்பதுண்டு. குறையைக் காலத்தில் கண்டுபிடிப்பதும், நுரையீரல் கெடாமல் தேவையான எடையோடு உரிய வயதில் குழந்தையை அறுவை மேசைக்கு அனுப்பி வைப்பதும், திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்வதும் முழுக்க இங்கேதான் நடக்க வேண்டும். பெற்றோர், கிராம சுகாதார செவிலியர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து, நடக்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த வகைக் குறை என்று புரிந்துகொள்வது

ஊரில் எல்லாவற்றுக்கும் ‘இதயத்தில் ஓட்டை’ என்ற ஒரே பெயர்தான். சிகிச்சைக்கு அது போதாது. மூன்று வகையாகவாவது பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, உண்மையிலேயே ஓட்டை. கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் இருந்தால் வி.எஸ்.டி., மேலறைகளுக்கு இடையில் இருந்தால் ஏ.எஸ்.டி., கருவில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்திருந்து, பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ள வேண்டிய குழாய் மூடாமல் நின்றுவிட்டால் பி.டி.ஏ. என்பார்கள். இவற்றுள் அதிகம் காண்பது வி.எஸ்.டி. மேட்டு வயலின் மடை உடைந்தால் தண்ணீர் பள்ளத்து வயலுக்குத்தான் பாயும். அதுபோல அழுத்தம் மிகுந்த இடப்பக்கத்து இரத்தம் ஓட்டை வழியாக வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலை நிரப்புகிறது. இந்தக் குழந்தை நீலமாக மாறாது. மூச்சு வாங்கும், பால் குடிக்க முடியாது, எடை ஏறாது, அடிக்கடி நிமோனியா வரும்.

இரண்டாவது வகை நீலக் குழந்தைகள். இதில் முதன்மையானது, 1888-இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விவரித்ததால் அவர் பெயராலேயே அறியப்படும் நான்கு குறைகளின் சேர்க்கை. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருப்பதால் அசுத்த இரத்தம் உடலுக்குத் திரும்பிவிடுகிறது. இதய அறைகளிலிருந்து புறப்படும் இரு பெருநாளங்களும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தையும் இந்த வகைதான். அது பிறந்த சில மணி நேரத்திலேயே நீலம் பாரிக்கும்.

மூன்றாவது வகை அடைப்பு. வால்வு குறுகியிருக்கலாம், அல்லது பெருந்தமனி ஓரிடத்தில் இறுகியிருக்கலாம். பின்னது ஏமாற்றக்கூடியது: முதல் சில நாட்கள் நன்றாக இருந்த குழந்தை, பி.டி.ஏ. குழாய் மூடிய அன்று வெளுத்து, கால் சில்லிட்டுச் சரிந்துவிடும். கிருமித் தொற்று என்று நினைத்தே சிகிச்சை தொடங்கப்படும். பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தொடை இடுக்கில் விரல் வைத்து நாடி பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை, அரை நிமிடம் போதும்.

பிரசவ வார்டில்: வலது கை, ஒரு கால்

குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழிந்தபின், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், வலது கையிலும் ஏதேனும் ஒரு காலிலும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வலது கைக்குப் போகும் இரத்தம் பி.டி.ஏ. குழாய் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது, காலுக்குப் போவது அதைத் தாண்டிப் போகிறது; ஆகவே இரண்டையும் ஒப்பிட்டால்தான் உள்ளே நடப்பது தெரியும். இரண்டிலும் ஆக்சிஜன் அளவு 95 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்து, வேறுபாடு 3-க்கு மேற்படாமல் இருந்தால் கவலையில்லை. எந்த ஒன்றிலாவது 90-க்குக் கீழே காட்டினால் அப்போதே மேல் மருத்துவமனைக்குப் பேச வேண்டும். இடைப்பட்ட எண்கள் வந்தால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் மாறவில்லை என்றால் எக்கோவுக்கு அனுப்ப வேண்டும். எண் குறைவதற்கு இதயம் மட்டும் காரணமாக இராது. நுரையீரல் தொற்றாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது வீட்டுக்கு அனுப்பக்கூடிய குழந்தை அன்று.

கொரோனா காலத்தில் வாங்கிய, பெரியவர்கள் விரலில் மாட்டும் கிளிப் கருவியைப் பச்சிளங்குழந்தையின் பெருவிரலில் மாட்டி எண் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை நம்பக் கூடாது. உள்ளங்கையையோ பாதத்தையோ சுற்றி ஒட்டும் பச்சிளங்குழந்தைக்கான ப்ரோப் வேண்டும். கால் குளிர்ந்திருந்தால் துணியால் சுற்றிச் சூடாக்கி, குழந்தை அழாமல் இருக்கும்போது, அலை சீராக ஓடுவதைப் பார்த்த பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும். கறுத்த தோலில் கருவி சற்றுக் கூடுதலாகக் காட்டும் வழக்கமும் உண்டு என்பதால், எல்லைக் கோட்டில் நிற்கும் எண்ணை நல்ல எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாக்கையும் பார்க்க வேண்டும். உதடும் விரலும் குளிரால் நீலமாகலாம், நாக்கு நீலமாக இருந்தால் அது குளிரால் அன்று.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் முதல் மாதத்துக்குள் அவர்களுக்கு எக்கோ எடுத்துவிட வேண்டும்.

ஆறாவது வாரத் தடுப்பூசி நாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர் இதைப் படித்தால் போதும். பெரிய வி.எஸ்.டி. உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்பு ஒலிகூடக் கேட்காது, ஆக்சிமீட்டரும் 98 காட்டும். நுரையீரல் இரத்தக்குழாய்கள் கருவில் இருந்த இறுக்கத்தோடு இருப்பதால் பள்ளத்து வயல் இன்னும் மேடாகவே இருக்கிறது. மடை உடைந்திருந்தும் தண்ணீர் பாயாது. நான்கு முதல் ஆறு வாரங்களில் அந்த இறுக்கம் தளர்ந்ததும் வெள்ளம் பாயத் தொடங்கும். அதாவது, பிரசவ வார்டில் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் தப்பிவிடக்கூடிய குறை, ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் அன்றுதான் கண்ணில் படும். அன்று ஊசி போடும் செவிலியர் ஒரு நிமிடம் குழந்தையின் சட்டையை விலக்கிப் பார்த்தால் போதும்.

கிள்ளைக்கு அருகே ஓர் அங்கன்வாடியில் டிசம்பர் மாதக் காலை ஒன்றில் கண்டது இது. வெளியே பனி, உள்ளே எல்லோரும் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது நாள் குழந்தை ஒன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. நாலு வாய் உறிஞ்சும், விட்டுவிடும், மூச்சு வாங்கும், மறுபடி பிடிக்கும். அதன் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. தாய் முந்தானையால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தாள். “மாந்தம்ங்க, உரை மருந்து உரசி ஊத்துனா சரியாயிடும்” என்றார் பாட்டி. செவிலியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினார். 72. விலா எலும்புகளுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. குழந்தைக்குக் காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. அன்று மாலையே அது கடலூருக்கு வந்துவிட்டது. எக்கோவில் பெரிய வி.எஸ்.டி.

எண்ண வேண்டிய கணக்கு இது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேலும் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. குழந்தை அமைதியாக இருக்கும்போது முழு நிமிடமும் எண்ண வேண்டும்; அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது பச்சிளங்குழந்தைக்குச் சரிப்படாது, ஏனென்றால் அதன் மூச்சு சீராக ஓடுவதில்லை. எண்ணிக்கையோடு மூன்று கேள்விகளையும் தாயிடம் கேட்க வேண்டும்: ஒரு தடவை பால் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, குடிக்கும்போது நெற்றி வேர்க்கிறதா, பிறந்த எடையிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் நல்ல நிலையிலுள்ள குழந்தை நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை எடை கூடும். அரை மணி நேரம் குடித்தும் வயிறு நிறையாத, வேர்க்கும், எடை ஏறாத குழந்தைக்கு மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரைக் காட்ட வேண்டும்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வருகின்றன. பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக் குறைகளைக் கண்டறிந்து மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பிறவி இதயக் குறையும் அந்தப் பட்டியலில் உண்டு. அனுப்பப்பட்ட குழந்தைக்கு அந்தக் குழுவே சிகிச்சை வரை கூடவே நிற்க வேண்டும் என்பதால், அவர்கள் தரும் சீட்டைப் பெற்றோர் தொலைக்காமல் வைத்திருப்பது நல்லது.

எக்கோவும் அதில் கேட்க வேண்டியதும்

உறுதிப்படுத்துவது எக்கோதான். எக்ஸ்ரேயும் ஈ.சி.ஜி.யும் துணை நிற்கும், ஆனால் அவை சரியாக இருப்பதால் இதயம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. பெரியவர்களுக்கு எக்கோ பார்த்துப் பழகியவர் குழந்தைக்குப் பார்த்து ‘சாதாரணம்’ என்று எழுதிய அறிக்கையை, அறிகுறிகள் தொடரும்போது நம்பியிருக்க வேண்டாம். குழந்தை இதய மருத்துவரிடம் மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். அழுது புரளும் குழந்தைக்கு எக்கோ எடுக்க முடியாது. பேருந்தில் வரும்போதே தூங்கவைத்துவிட்டு, அறைக்குள் போன நேரத்தில் விழித்துக்கொள்ளும் குழந்தைகள்தான் அதிகம்; காலையில் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு, முறை வருவதற்குச் சற்று முன் பால் கொடுத்துத் தூங்கவைப்பது சிறு உபாயம். தூக்க மருந்து தேவை என்றால் அதை அங்கேயே, மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் பெற்றோர் கேட்க வேண்டியவை: குறையின் பெயர் என்ன, ஓட்டை எத்தனை மில்லிமீட்டர், நுரையீரல் அழுத்தம் எவ்வளவு, இது தானாக மூடக்கூடியதா, இல்லை என்றால் எந்த வயதுக்குள் சரிசெய்ய வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதிலை அறிக்கையின் மேலேயே தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். ‘மீண்டும் வரவும்’ என்பது பதில் ஆகாது.

எந்த வயதுக்குள்

சிறிய வி.எஸ்.டி.க்கள், குறிப்பாகச் சுவரின் தசைப் பகுதியில் உள்ளவை, பெரும்பாலும் தாமாகவே மூடிக்கொள்ளும். அவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு முறை எக்கோ தவிர வேறு எதுவும் வேண்டாம். அந்தக் குழந்தையை ஓடவிடாமல் பொத்தி வளர்ப்பதுதான் அதற்குச் செய்யும் கெடுதல். மேலறைச் சுவரின் ஓட்டைக்கு அறிகுறி இல்லாவிட்டால் இரண்டு முதல் நான்கு வயது வரை காத்திருக்கலாம். இடம் ஏற்றதாக இருந்தால் நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே குடை போன்ற கருவியால் மூடிவிடுவார்கள். பி.டி.ஏ.வையும் நுரையீரல் வால்வுக் குறுக்கத்தையும் பெரும்பாலும் இப்படியே சரிசெய்யலாம்.

நேரம் தவறக்கூடாதவை வேறு. நுரையீரல் அழுத்தம் மிகுந்த பெரிய வி.எஸ்.டி.யை மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூட வேண்டும்; மருந்துக்கு மூச்சு வாங்கல் தணியவில்லை என்றால் அதற்கும் முன்பே. ஃபாலோ குறைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் முழுமையான அறுவை நடக்க வேண்டும். அதற்கு முன்பே நீலம் அதிகமானால், நுரையீரலுக்கு வேறு வழியாக இரத்தம் போகச் சிறு குழாய் வைத்துத் தற்காலிகமாகக் காப்பாற்றலாம். 1944-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதலில் செய்யப்பட்ட அந்த அறுவையின் மாற்று வடிவம் இன்றும் நம் மாதிரி இடங்களில் உயிர் காக்கிறது. பெருநாளங்கள் இடம் மாறிய குழந்தைக்கு இன்னும் அவசரம்: முதல் மூன்று வாரங்களுக்குள் அவற்றை மாற்றித் தைக்க வேண்டும், தாமதித்தால் இடப்பக்க அறை தளர்ந்துபோய் உடலுக்கு இரத்தம் தள்ளும் வலுவை இழந்துவிடும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயிடம், “பத்துக் கிலோ ஆகட்டும்மா, அப்புறம் ஆப்பரேஷன் பாத்துக்கலாம்” என்றேன். அப்போது பலரும் சொன்னதுதான். அவள் முந்திரிக் கொட்டை உடைத்துச் சேர்த்த காசில் சத்துமாவு வாங்கிக் கொடுத்தாள், மூன்றரை வயதில் குழந்தை பத்துக் கிலோவும் ஆனது. மேல் மருத்துவமனையில் குழாய் விட்டு அழுத்தம் பார்த்தபோது நுரையீரல் இரத்தக்குழாய்கள் தடித்துப் போயிருந்தன. இனி ஓட்டையை மூடினால் உயிருக்கே ஆபத்து என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூச்சு வாங்கல் குறைந்ததை நான் முன்னேற்றம் என்று எழுதி வைத்திருந்தேன். உண்மையில் வெள்ளம் நின்றது நுரையீரல் கெட்டதால். பெரிய ஓட்டை உள்ள குழந்தைக்கு எடை ஏறாததே ஓட்டையால்தான். எடை ஏறட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

காத்திருக்கும் மாதங்களில் வீட்டில் செய்ய வேண்டியவை

பாலே முதல் மருந்து. இந்தக் குழந்தைகளின் இதயமும் மூச்சும் ஓயாமல் உழைப்பதால் மற்றக் குழந்தைகளைவிட அதிகச் சக்தி வேண்டும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 120 முதல் 150 கலோரி வரை தேவைப்படும், குடிக்கும் வலுவோ குறைவு. எனவே நேரடியாக மார்பில் குடிப்பதை இருபது முப்பது நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, மீதியைப் பிழிந்து எடுத்துப் பாலாடையால் ஊட்ட வேண்டும். நம் பாலாடையைப்போல இதற்கு ஏற்ற கருவி வேறில்லை. குழந்தையைத் தலை சற்று உயர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் பொருத்தி, வாயின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கிய பிறகே அடுத்ததை விட வேண்டும். மூச்சு வாங்கும்போது ஊற்றினால் புரையேறும். ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், நீர்த்த பவுடர் பால் ஆகியவை வயிற்றை நிரப்பிச் சக்தியைத் தராமல் போய்விடும். அப்படியும் எடை ஏறாவிட்டால் மூக்கு வழிக் குழாயில் பால் கொடுக்க வேண்டிவரும். அதைத் தோல்வியாகத் தாய்மார்கள் நினைக்க வேண்டாம். ஆறு மாதம் ஆனதும் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, நெய்யோ எண்ணெயோ சேர்த்து, கேழ்வரகு, வேகவைத்து மசித்த முட்டை, வறுத்து நன்றாக அரைத்த வேர்க்கடலை என்று கொஞ்சத்தில் நிறையச் சக்தி தரும் உணவாகக் கொடுக்க வேண்டும்.

மருந்துகளில் பெரும்பாலும் வருவது நீர் பிரியச் செய்யும் ஃபுரோசமைடு. சிலருக்கு ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், டிகாக்சின். குழந்தைக்கான திரவம் கிடைக்காத மருந்துக் கடையில் ஃபுரோசமைடின் 40 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்துப் பொடித்துக் கலக்கச் சொல்வார்கள். எத்தனை மில்லி கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும், அதில் எத்தனை மில்லி எடுக்க வேண்டும் என்பதை மருத்துவர் தாயின் கண் முன்னே ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து காட்டி, அந்தக் கோட்டில் பேனாவால் அடையாளம் போட்டுத் தர வேண்டும்; கரண்டிக் கணக்கு கூடாது. டிகாக்சினில் நன்மை தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. குடித்ததும் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கக் கூடாது. வாந்தி தொடர்ந்தால் அது நஞ்சின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மழைக்காலத்துக்கு ஒரு தனிச் சொல். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோதும் 2015 வெள்ளத்திலும் இந்தப் பக்கம் பல நாட்கள் போக்குவரத்து நின்றது. ஐப்பசி பிறந்தால் வீட்டில் குறைந்தது இரண்டு வார மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும், கடைசிப் பாட்டிலைத் திறந்த அன்றே அடுத்ததை வாங்கிவிட வேண்டும்.

தடுப்பூசி எதையும் தள்ளிப்போட வேண்டாம்; இதயக் குறை என்று சொல்லி ஊசி போடாமல் அனுப்புவது தவறு. நியுமோகாக்கல் தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே உண்டு. ஃப்ளூ ஊசியை ஆறு மாதத்துக்குப்பின் ஆண்டுதோறும் போடுவது நல்லது. வீட்டில் சளி பிடித்தவர்கள் குழந்தையைத் தூக்காமல் இருப்பதும், அடுப்புப் புகை, பீடி சிகரெட் புகை அதன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வதும் மருந்துக்குச் சமம்.

நீலக் குழந்தைக்கு இரண்டு கூடுதல் கவனங்கள் உண்டு. ஒன்று இரும்புச் சத்து. இவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே அதிகமாக இருக்க வேண்டும். 12 இருக்கிறதே என்று மகிழக் கூடாது, அது இவர்களுக்கு இரத்தசோகை. இரும்புக் குறைவு பக்கவாத அபாயத்தைக் கூட்டும். மற்றொன்று வயிற்றுப்போக்கு. உடலில் நீர் வற்றினால் ஏற்கெனவே கெட்டியான இரத்தம் உறைந்துவிடும் என்பதால் முதல் பேதியிலேயே ஓ.ஆர்.எஸ். தொடங்க வேண்டும்.

ஃபாலோ குழந்தை காலையில் எழுந்து அழும்போதோ மலம் கழிக்க முக்கும்போதோ திடீரென்று கருநீலமாகி, மூச்சு ஆழமாக இழுத்து, தொய்ந்து விழலாம். ‘பேய் அடித்தது’ என்று மந்திரிக்கத் தூக்கிப்போன வீடுகள் உண்டு. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: குழந்தையைத் தோளில் சாய்த்தோ மடியில் கிடத்தியோ, இரு முழங்கால்களையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, சத்தம் போடாமல் அமைதிப்படுத்துவது. கால் இரத்தக்குழாய்கள் மடங்கி அழுத்தம் கூடுவதால் இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். பெரிய குழந்தை விளையாடும்போது தானாகவே குந்தி உட்காருவதும் இதற்காகத்தான். அதை எழுந்து நிற்கச் சொல்லி அதட்டாதீர்கள். நிறம் திரும்பினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு முறை இப்படி வந்துவிட்டால் அறுவை நாளை முன்னே இழுக்க வேண்டும்.

பச்சிளங்குழந்தையை அவசரமாக அனுப்பும்போது

பிறந்த முதல் வாரத்தில் நீலமாகவோ அதிர்ச்சி நிலையிலோ இருக்கும் குழந்தை, அந்த பி.டி.ஏ. குழாய் திறந்திருப்பதை நம்பியே பிழைத்திருக்கக்கூடும். அதைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் மருந்து. இடைவிடாமல் சொட்டுவழி ஏற்ற வேண்டும். மூச்சு நின்றுபோவது அதன் பக்கவிளைவு என்பதால் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையை வைத்திருக்கும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் வண்டியில் உடன் போக வேண்டும். இத்தகைய குழந்தைக்கு ஆக்சிஜனைத் தாராளமாக விட்டு 100 காட்டவைக்க முயல்வதும் தவறு: அது குழாயை மூடத் தூண்டும், நுரையீரலிலும் வெள்ளத்தைக் கூட்டும். 75 முதல் 85 வரை இருந்தால் போதும்.

மருந்து இல்லாத இடத்திலும் செய்யக்கூடியவை உண்டு: உடல் சூடு குறையாமல் தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாக வைப்பது, சர்க்கரை அளவு பார்ப்பது, நரம்பில் ஊசி போட்டு நிலைநிறுத்துவது, 108-ஐ அழைத்தபின் கோரிமேட்டுக்கோ சென்னைக்கோ பேசி இடம் இருப்பதை உறுதிசெய்த பிறகே வண்டியை நகர்த்துவது. சீட்டில் ‘இதயக் குறை, மேல் சிகிச்சைக்கு’ என்று ஒரே வரி எழுதி அனுப்பிய குழந்தை ஒன்று, வழியில் இரண்டு இடங்களில் முதலிலிருந்து பரிசோதிக்கப்பட்டு நான்கு மணி நேரம் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். பிறந்த நேரம், எடை, கை கால் இரண்டின் ஆக்சிஜன் எண், நாடி, சர்க்கரை, கொடுத்த மருந்தும் நேரமும் ஆகிய அத்தனையும் சீட்டில் இருக்க வேண்டும்.

காகிதங்கள்

தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு; ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், குழந்தைகளின் இதய அறுவையும் இதில் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்குள்ளவர்களுக்கு நடைமுறை வேறு. கன்னியக்கோயிலில் குடியிருப்பவரும் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவரும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கலாம், ஆனால் அட்டை வேறு. பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பிப் புறப்பட வேண்டாம். போகவிருக்கும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், இந்த அறுவைக்கு இந்த அட்டை செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எக்கோ உறுதியான அன்றே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறாததால் அறுவை நாள் தள்ளிப்போன கதைகள் ஏராளம். பிறப்புச் சான்றிதழைப் பெயர் வைக்கும் சடங்குக்காகக் காத்திருந்து தாமதிக்காதீர்கள்.

வீடு திரும்பிய பிறகு

அறுவைக்காகப் பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துக் குழந்தையைத் தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்குக் கீழும் மறு கை பிட்டத்துக்குக் கீழும் கொடுத்து அள்ளித் தூக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற அத்தனை உறவினருக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும், பாசத்தில் அக்குளைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். காயத்தில் மஞ்சளோ திருநீறோ எண்ணெயோ பூச வேண்டாம். சீழ், காய்ச்சல், மறுபடி மூச்சு வாங்கல், பால் குறைதல், முகம் வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும், குறிப்பாக முதல் மூன்று நான்கு வாரங்களில், அறுவை செய்த இடத்துக்கே தகவல் சொல்ல வேண்டும்; இதயத்தைச் சுற்றி நீர் சேர்வது இந்த நாட்களில்தான் நடக்கும். பல் துலக்கும் பழக்கத்தில் கண்டிப்பு வேண்டும். சொத்தைப் பல்லிலிருந்து இரத்தத்தில் ஏறும் கிருமி இதயத்துக்குள் குடியேறிவிடும். பல் பிடுங்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போக வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு, இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை எடுக்காமல் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்கவும் கூடாது.

நன்றாகச் சரிசெய்யப்பட்ட ஓட்டைக்குப்பின் குழந்தை ஓடலாம், நீந்தலாம், பள்ளி விளையாட்டு நாளில் பங்கெடுக்கலாம். பெண் குழந்தையின் நெஞ்சுத் தழும்பைப் பற்றிப் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்; மூடப்பட்ட வி.எஸ்.டி.யால் பிற்காலத்தில் திருமணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ பெரும்பாலும் தடையில்லை என்று நான் எழுதியே கொடுப்பேன். ஆனால் ஃபாலோ அறுவை செய்தவர்களுக்கு வால்வு கசிவு பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் என்பதால், அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் ஆண்டு எக்கோ உண்டு.

காலம் கடந்து வந்த குழந்தைகளையும் விட்டுவிட முடியாது. ஓட்டையை மூட இயலாதவர்களுக்குச் சில்டனாஃபில் போன்ற மருந்துகள் மூச்சை எளிதாக்கும். இரும்புச் சத்து, தடுப்பூசி, நீர் வற்றாமை ஆகியவை முன்பு சொன்னபடியே. அவர்களுள் பெண் குழந்தை வளர்ந்து கருத்தரித்தால் தாயின் உயிருக்கே பெரும் ஆபத்து என்பதைக் குடும்பம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த பிள்ளை

ஒரு குழந்தைக்குக் குறை இருந்தால் அடுத்ததற்கும் வருவதற்கான வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை. சொந்தத்தில் திருமணம், தாயின் கட்டுப்படாத சர்க்கரை நோய், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா, வலிப்புக்கான வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தாமல், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்ற வேண்டும். பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) பதியும்போதே முந்தைய குழந்தையின் இதயக் குறையைச் செவிலியரிடம் சொல்லி எழுதவைத்து, 18 முதல் 22 வாரங்களுக்குள் கருவின் இதயத்துக்கான எக்கோவுக்கு நாள் வாங்குங்கள். அதில் பெருநாளங்கள் இடம் மாறியது போன்ற அவசரக் குறை தெரிந்தால், பிரசவத்தையே இதய சிகிச்சை உள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். கரு தாயின் வயிற்றில் இருக்கும்போது செய்யும் பயணத்தில், குளிர், சர்க்கரை, ஆக்சிஜன் என்று மேலே சொன்ன எந்தக் கவலையும் இல்லை.